பாலையிற் கார்காலம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்த நம் இலக்கண நூலார், முல்லைக்குக் கார்காலமும் மாலைப்பொழுதும் உரியன என்றும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியன என்றுங் கூறினர். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கு திணைகளுக்கும் நிலங்கூறிய தொல்காப்பியர், பாலைக்கெனத் தனிநிலம் எதனையுங் கூறிற்றிலர். வெயில் முதிர்ந்தவிடத்து முல்லையும் குறிஞ்சியுமே பாலையாக மாறிவிடும் என்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படுங் கருத்தாகும். எனவே, தமிழ் மரபிலே பாலை என்பதனை ஓர் இடத்தின் பெயராகக் கொள்வதினும் ஒரு நிலைமையின் பெயராகக் கொள்வதே பொருத்தமுடையது. அங்ஙனமாயின், வெயிலால் முல்லை பாலையாதல் போல, மழையாற் பாலை முல்லையாதலும் உண்டோ என்னும் வினா எழுதல் இயல்பே.

தமிழ் வழங்கும் நிலங்களுள் உண்மையான பாலைவனம் இல்லையாதலின், இவ்வினாவிற்கு விடைகாண நாம் வடதிசை நோக்கவேண்டும். இந்தியாவின் வடமேற்கெல்லையிலே பரந்து கிடக்குந் தார்ப் பாலைவனத்தைக் கார்காலத்திற் கடந்து செல்வோர் இதற்குரிய விடையைக் கண்ணாரக் காண்பர். அவ்விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று. மழை அந்நிலத்தைப் பசும்புல் வெளியாக்குவதும் உண்டு. ஓரிரவிற் கடலாக்கி ஊர்களை விழுங்குவதும் உண்டு. பெய்யும் மழை நன்மையாவதும் தீமையாவதும், அந்நீர் ஓடும் வழியை அங்கு வாழ்வோர் அறிந்திருத்தலையும் மறந்திருத்தலையும் பெரிதும் பொறுத்தன. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றுஞ் செய்யும் மாயம்

தார்ப் பாலைவனம் ஏறக்குறைய 2 இலட்சஞ் சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அதன் பெரும்பகுதி இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில் அமைந்துள்ளது; எஞ்சிய பகுதி குஜராத், ஹரியானா, பஞ்சாப் ஆகிய மாநிலங்களிலும், பாகிஸ்தானின் சிந்து, பஞ்சாப் மாகாணங்களிலும் பரந்துள்ளது. பாலைவனம் என்றவுடன் ஆளரவமற்ற மணற்காட்டை எண்ணுதல் இதனைப் பொறுத்தவரையிற் பொருந்தாது. உலகப் பாலைவனங்களுள் மக்கள் மிக நெருங்கி வாழ்வது இதுவேயாம். ஜோத்பூர், பீக்கானேர், ஜெய்சல்மேர், பார்மேர் முதலாகிய நகரங்கள் இதன்கண் உள்ளன.

இப்பாலையின் கிழக்கெல்லையிலே ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீற்றர் மழை பெய்யும். மேற்கே செல்லச்செல்ல அது குறைந்து, எல்லைப்புறத்தில் 100 மில்லிமீற்றர் அளவினதாகிவிடும். பெய்வதிற் பெரும்பகுதி யூலை தொடக்கஞ் செப்டெம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்துவிடும். எஞ்சிய மாதங்களிற் பெய்வது மிகச் சொற்பம்.

மழை இவ்வளவு குறைதற்குக் காரணம் யாது? ஈண்டு வியப்பிற்குரிய செய்தி ஒன்றுண்டு. இந்தியா முழுவதற்கும் மழையைக் கொணரும் பருவக்காற்றை அழைத்து வருவோருள் இப்பாலையும் ஒன்று. மே, யூன் மாதங்களில் இந்நிலம் உலைபோற் கொதிக்கின்றது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி பலோடி என்னும் ஊரில் 51 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. வெந்த நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, அங்குத் தாழமுக்கம் உண்டாகின்றது. அத் தாழமுக்கத்தை நாடியே கடற்காற்று நிலத்தினுள் விரைந்து வருகின்றது. ஆயினும் அழைத்தவன் வாயில் வரை வந்த விருந்து உள்ளே புகுவதில்லை. அரபிக் கடலிலிருந்து வருங்காற்று ஆரவல்லி மலைத்தொடருக்கு இணையாகச் செல்லுதலின், அம்மலை அதனைத் தடுத்து மழையாக்க வல்லதன்று. வங்கக் கடலிலிருந்து கங்கைவெளி வழியே வருங்காற்றோ, நெடுந்தூரம் மழையைப் பொழிந்துவிட்டு ஈரங்குன்றியே ஈண்டு வந்து சேர்கின்றது. அன்றியும், நிலத்தையொட்டி வரும் ஈரக்காற்றின்மேல், மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று ஒரு மூடிபோற் கவிந்து கிடக்கின்றது. முகில் உயர்ந்து திரளுதற்கு அது இடங்கொடாது. அம்மூடி என்றேனும் ஒருநாள் உடையுமாயின், அன்று பெய்வது தூறலன்று, பெருமழையாகும். ஓராண்டின் மழை முழுவதும் நாலைந்து நாள்களுக்குள் பெய்து தீர்ந்துவிடுதல் அந்நாட்டார்க்குப் புதிதன்று.

கார்காலம் வேறு, மழை வேறு

ஆதலாற் கார்காலத்திற் பாலையைக் கடப்போன் முதற்கண் அறிய வேண்டுவது, கார்காலம் வந்தமையால் மழை வந்தது எனக் கொள்ளுதல் ஆகாது என்பதேயாம். இதற்கு வரலாற்றிலே தக்க சான்று ஒன்றுண்டு. நாடிழந்து அலைந்த முகலாய மன்னன் ஹுமாயூன் 1542ஆம் ஆண்டிலே மார்வார் நாட்டை விட்டு நீங்கி, ஜெய்சல்மேர் வழியாகச் சிந்துநாட்டின் அமர்க்கோட்டை நோக்கிப் பாலையைக் கடந்தான். அவன் அமர்க்கோட்டை அடைந்தது ஓகஸ்ட் மாதம், கார்காலத்தின் நடுப்பகுதி. எனினும் அப்பயணத்திலே அவன் கூட்டத்தார் நீர்வேட்கையாற் பட்ட துன்பங்களை, அவன் தங்கை குல்பதன் பேகம் எழுதிய நூலும், அவன் பணியாள் ஜௌஹர் எழுதிய குறிப்புகளும் விரித்துரைக்கின்றன. கிணற்றண்டையிலே ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளி உயிர்துறந்தாரும் உளர். அக்கூட்டத்திலே கருவுற்ற நிலையிலே சென்ற ஹமீதா பானு என்னும் அரசியே, 1542ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி அமர்க்கோட்டில் அக்பரை ஈன்றாள். கார்கால நடுவிலே பாலைவழிச் சென்ற ஒரு மன்னன் பரிவாரமே நீரின்றி வாடிற்று எனின், பிறரைப் பற்றிக் கூறவேண்டா.

மழை தவறிய ஆண்டுகள் எத்துணைக் கொடியன என்பதற்கு 1899-1900ஆம் ஆண்டுப் பஞ்சம் மற்றொரு சான்று. விக்கிரம சகாப்தம் 1956இல் நிகழ்ந்தமையால், அதனை அந்நாட்டார் 'ஐம்பத்தாறின் பஞ்சம்' எனும் பொருளிற் 'சப்பனியா' என இன்றும் வழங்குவர். ஒரு கார் பொய்த்தது, நூறாண்டு கழிந்தும் ஒரு நாட்டின் பேச்சிலே நின்று நிலவுகின்றது.

வழியும் வழிச்செலவும்

இனி, மழை பெய்த ஆண்டொன்றிலே அந்நிலத்தின்வழிச் செல்வார் காண்பன யாவை எனப் பார்ப்போம். ஜோத்பூரிலிருந்து மேற்கு நோக்கிப் போக்கரண் வழியாக ஜெய்சல்மேருக்குத் தெருவும் புகையிரதப் பாதையும் உள்ளன. யூன் மாதத்தில் இவ்வழியிற் செல்வோரை எதிர்கொள்வது 'ஆந்தி' என்னும் புழுதிப்புயல். வானம் செம்மண் நிறமுற்றுப் பகல் இரவாகும். வண்டிகள் விளக்கேற்றி நின்றுவிடும். புயலின் பின் இரண்டொரு துளி விழும். சிலவேளை அவை நிலத்தை அடையுமுன்னரே காற்றில் உலர்ந்து மறையும்.

யூலை முதல் வாரங்களில் முதல் மழை பெய்ததும் நிலத்தின் தன்மை மாறுகின்றது. பாலைவழியெல்லாம் ஒரு தன்மையது என எண்ணுவார், அதன் மாற்றத்தைக் கண்டு திகைப்பர். மணற்குன்று நனைந்தால் இறுகும். உலர்ந்த மணலிலே கணுக்கால் புதைய நடந்தவன், நனைந்த மணலிற் கடற்கரையில் நடப்பான்போல எளிதாக நடக்கலாம். சக்கரங்களும் அவ்வாறே. ஆனால் மணற்குன்றுகளுக்கிடையே கிடக்கும் களிமண் தட்டைகளோ, வேனிலிற் கற்றளம்போல் இறுகிக் கிடந்து, மழை பெய்ததும் வழுவழுத்த சேறாகிவிடும். மணலிற் பரந்து ஊன்றுதற்கு ஏற்ற மெல்லடி படைத்த ஒட்டகம் அச்சேற்றிற் கால்நிறுத்த மாட்டாது வழுக்கி விழும். விழுந்து கால் முறிதலும் உண்டு. ஆகவே பாலையின் கப்பல் எனப் புகழப்படும் அவ்விலங்கைச் செலுத்துவோர், மழை பெய்த நாளிலே தட்டை நிலத்தை விலக்கி மேட்டுவழியே செல்வர். வேனில்வழி வேறு, கார்வழி வேறு என்பது அவர்தம் பட்டறிவு.

தெருவழியே மோட்டார் வண்டியிற் செல்வார்க்கும் இவ்வறிவு வேண்டும். பாலையிலுள்ள வாய்க்கால்கள் ஆண்டிற் பெரும்பகுதி மணலோடும் வழிகளாகவே கிடத்தலின், பலவிடங்களிற் பாலங் கட்டாது தெருவையே தாழ்த்தி, அவ்வாய்க்காலின் படுக்கை வழியே செலுத்தியுள்ளனர். தலைக்குமேல் வானந் தெளிந்திருக்கும். இருபது மைலுக்கப்பால் பெய்த மழையோ அவ்வழியே திரண்டு வந்துகொண்டிருக்கும். மரமும் புல்லும் அடர்ந்த நிலத்திலே மழைநீர் தங்கித் தயங்கி வரும். பாறையும் இறுகிய சரளையுமான நிலத்திலோ, பெய்த நீர் ஊறாது அப்படியே உருண்டோடி வரும். ஓடும் நீர் 2 அடி ஆழமாயின் பெரும்பாலான மோட்டார் வண்டிகளை அடித்துச் செல்ல வல்லது. நீர் ஓடுந் தாழ்தெருவைக் கடக்க முயலாது இக்கரையிற் காத்திருத்தலே அறிவுடைமை. பெரும்பாலும் சில மணி நேரத்துள் அது வடிந்துவிடும். உலர்ந்த வாய்க்காலின் மென்மணல் படுத்துறங்குதற்கு இனிதாகத் தோன்றும். கார்காலத்தில் அங்குப் படுத்தல் ஒருபோதுந் தகாது.

முல்லையாகும் பாலை

மழை நன்கு பெய்து பத்துப் பதினைந்து நாள் கழிந்தபின் அந்நிலத்தைக் காண்போர், இதுவோ அப்பாலை என ஐயுறுவர். மழை பெய்தவுடன் மண்ணினின்றும் செம்பட்டுத் துணுக்குகள் போல ஊர்ந்து வெளிப்படுவன இந்திரகோபப் பூச்சிகள். நம் நாட்டிலே தம்பலப்பூச்சி எனச் சிறுவர் கையிலேந்தி மகிழ்வதும், பழந்தமிழ்ப் புலவர் முல்லைநிலத்துக்கு அணியாகப் பாடியதும் இவ்வினமே. மண்ணுள்ளே பல மாதம் உறங்கிக் கிடந்த தவளைகள் தேங்கிய குட்டைகளிலே ஒலியெழுப்பும். குட்டை வற்றுமுன்னே முட்டையிட்டு, அம்முட்டை பொரித்துத் தலைப்பிரட்டையாகி, அதுவும் தவளையாக வேண்டும். எல்லாஞ் சில வாரங்களுள் முடிதல் வேண்டுமாதலின், பாலையின் கார்காலத்தில் உயிர்கள் யாவும் விரைவிற்கு ஆட்பட்டனவாகவே காணப்படும்.

நெருஞ்சி மஞ்சட்பூ விரிக்கும்; பேய்க்குமட்டி மணல்மேற் கொடியோடும்; எருக்கும் இலந்தையுந் தளிர்க்கும். 'சேவண்' என்னும் புல் வறண்ட ஆண்டுகளிலே உயிரற்றதுபோற் கிடந்து, ஒரு மழையில் முழங்காலளவு எழும். இவற்றினிடையே நம்மவர் உற்றுநோக்கற்குரியது 'கேஜ்ரி' என அவர் வழங்கும் மரம். அது நம் சிவாலயங்கள் சிலவற்றிலே தலமரமாக விளங்கும் வன்னியேயாம். அதன் வேர் நிலத்துள் மிக ஆழமாகச் செல்லுதலின் வேனிலிலும் அது பசுமை மாறாது. அதன் தழை ஆட்டிற்கு உணவு. காய் மாந்தர்க்குக் கறி. அதன் நிழலிற் பயிரும் நன்கு வளரும். 1730ஆம் ஆண்டிலே ஜோத்பூருக்கு அண்மையிலுள்ள கேஜட்லி என்னும் ஊரில், அரசன் பணியாளர் இம்மரங்களை வெட்டவந்தபோது, பிஷ்னோய் வகுப்பைச் சேர்ந்த 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர்கொடுத்தனர் என்பது அந்நாட்டு வரலாறு. மரம் ஒன்றினைத் தம் உயிரினும் பெரிதாக மதித்தமைக்கு ஏதுவை, அம்மரமின்றி அந்நிலத்தில் வாழமுடியாமையை எண்ணுவார் எளிதில் உணர்வர்.

முதல் மழையோடு உழவர் கம்பு விதைப்பர். அதனோடு பயறும் எள்ளும் கொத்தவரையும் கலந்து விதைத்தலும் உண்டு. ஒன்று பொய்ப்பினும் மற்றொன்று காக்கும் என்பது கருத்து. மேய்ச்சல் தேடித் தொலைநாடு சென்றிருந்த இராயிகா முதலிய இடையர் தம் ஆடுகளோடும் ஒட்டகங்களோடும் ஊர் திரும்புவர். ஆவணித் திங்களையொட்டி வருந் 'தீஜ்' விழாவிற் பெண்கள் மரக்கிளைகளில் ஊசல் கட்டி ஆடிப் பாடுவர். பிரிந்து சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வான் எனக் காத்திருத்தலை முல்லைக்கு உரிப்பொருளாக வகுத்த தமிழ்ப் புலவர், தாம் காணாத இந்நாட்டிலும் அவ்வொழுக்கம் அவ்வாறே நிகழ்வதைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பர்.

புல்வெளியிலே நெடிய கழுத்துடன் நடக்குங் கானமயில் என்னும் பெரும்பறவை, இக்காலத்திலேயே பெரும்பாலும் ஒற்றை முட்டையை வெறுநிலத்தில் இடுகின்றது. முன்னொரு காலத்திலே தமிழ்நாட்டிலும் வாழ்ந்த அப்பறவை இன்று அழியும் தறுவாயிலுள்ளது. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை ஜெய்சல்மேர்ப் பகுதியிலேயே வாழ்கின்றன. உயர்மின்கம்பிகளில் மோதி இறத்தல் அதற்குப் பெருங்கேடாய் உள்ளது.

நன்மையோடு தீமையும் வருகின்றது. வளைகளில் நீர் புகுதலாற் சுருட்டை விரியன் முதலிய பாம்புகள் வெளிப்பட்டு மேட்டு நிலங்களையும் வீடுகளையும் நாடும். வெட்டுக்கிளி ஈரமணலிலேயே முட்டையிடுமாதலின், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அதன் பெருக்கமும் மிகும். 2019, 2020ஆம் ஆண்டுகளில் அதனால் விளைந்த பயிர்ச்சேதம் பெரிது. தேங்கிய நீரால் நுளம்பு பெருகி மலேரியாவும் பரவும். 1994ஆம் ஆண்டிலே மேற்கு இராஜஸ்தானத்தில் அந்நோய் பெருந்தொற்றாகப் பரவிற்று.

மூவகை நீர்

இத்துணைக் குறைந்த மழையை நம்பி இத்துணை மக்கள் வாழ்தல் எங்ஙனம்? அங்கு நீரை மூவகையாகப் பகுத்துப் பேசுவர். வானிலிருந்து விழுந்து நிலத்தின்மேல் ஓடுவது ஒன்று. அதற்குப் 'பாலர்' என்று பெயர். நிலத்தினடியிலே ஆழத்திற் கிடப்பது மற்றொன்று; அது 'பாதாள' நீர். அது பெரும்பாலும் உவர்ப்புடையது. இவ்விரண்டிற்கும் இடையே, மணலில் ஊறிய மழையீரமாய், ஆழ்நீரோடு கலவாது தங்கியிருப்பது மூன்றாவது. அதனை 'ரேஜாணி' என்பர். பாலைமக்களின் நீரறிவை ஆராய்ந்து இந்திமொழியில் அரிய நூல்கள் எழுதிய அனுபம் மிஸ்ரா (1948-2016) இப்பாகுபாட்டை நன்கு விளக்கியுள்ளார்.

முதல்வகை நீரைப் பிடித்தற்குரியன குளங்களும், 'டாங்கா' எனப்படும் நிலவறைத் தொட்டிகளும். வீட்டு முற்றத்தையோ வட்டமாய்ச் சரித்துச் செப்பனிட்ட வெளியையோ நீர்தாங்கு பரப்பாகக் கொண்டு, அதன் நடுவே மூடியிட்ட தொட்டியை அமைப்பர். அப்பரப்பை மழைக்கு முன்னே கூட்டித் துப்புரவு செய்தல் இன்றியமையாத கடமை. ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்யின் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும் என்பது எளிய கணக்கு. இக்கணக்கின்படி, 150 மில்லிமீற்றர் மழை மட்டுமே பெய்யும் ஊரிலும் ஒரு ஹெக்ரேயர் நிலத்தில் விழும் நீர் 15 இலட்சம் லீற்றர். அதில் ஐந்திலொரு பங்கைப் பிடிப்பினும் 3 இலட்சம் லீற்றர் ஆகும். மழை குறைவு என்பது உண்மை. பிடிப்பார்க்கு அது போதாமையன்று.

இரண்டாம் வழி 'கடீன்' என்பது. ஜெய்சல்மேரைச் சூழ்ந்த பாறைமேடுகளிலிருந்து ஓடிவரும் நீரைத் தாழ்ந்த வெளியின் குறுக்கே மண்ணணை கட்டித் தடுப்பர். கார்காலம் முழுவதும் அவ்வெளி ஏரியாய்க் கிடந்து ஊறும். மழை ஓய்ந்து நீர் வற்றியபின், அந்த ஈரத்தை மட்டுமே கொண்டு கோதுமையும் கடலையும் விதைத்துப் பனிக்காலத்தில் அறுவடை செய்வர். 15ஆம் நூற்றாண்டளவிலே இம்முறையை அங்கு வளர்த்தோர் பாலிவால் அந்தணர் என்பர். அவர்கள் வாழ்ந்து 19ஆம் நூற்றாண்டிலே கைவிட்ட குல்தரா என்னும் ஊர் இன்று பாழாய்க் கிடக்கின்றது. ஆயினும் கடீன் என்னும் பயிர்முறை அந்நாட்டிலே இன்றும் அழிந்திலது.

மூன்றாவது வகை நீரைப் பெறுதற்குரியது 'குயின்' என்னும் குறுகிய வாயுடைய கிணறு. மணலின் அடியிலே சிலவிடங்களில் ஜிப்சம் முதலியவற்றாலான இறுகிய படை ஒன்று உண்டு. மேலிருந்து ஊறிய நன்னீர் அப்படையைக் கடவாது அதன்மேல் ஈரமாய்த் தங்கும். அப்படையை ஊடறுக்காமல் அதுவரை மட்டும் தோண்டினால், சூழவுள்ள மணலின் ஈரம் துளித்துளியாய்க் கசிந்து கிணற்றினுட் சேரும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம் நீரே கிடைப்பினும் அது நன்னீர். படையை உடைத்துக் கீழே சென்றாலோ உவர்நீர் கலந்துவிடும். எவ்விடத்தில் அப்படை உண்டு என்பதனை அறிதற்குக் கருவி யாது எனின், மழை பெய்தபின் எந்த மணலிலே நீர் தேங்கி நிற்கின்றது என்பதனை நோக்கி நினைவிற் கொள்ளலேயாம். கார்காலமே அவர்க்குப் பள்ளிக்கூடம்.

மறந்தார்க்கு வந்த கேடு

இவ்வறிவு மறைந்தவிடத்து நேர்வது யாது என்பதனைப் பார்மேர் மாவட்டத்திற் காணலாம். ஜோத்பூருக்குத் தெற்கே லூணி என்னும் ஆறு ஓடுகின்றது. ஆரவல்லி மலையில் ஆஜ்மீர்ப் பக்கத்தே தோன்றித் தென்மேற்காக ஏறக்குறைய 495 கிலோமீற்றர் ஓடிக் கட்ச் உவர்நிலத்தில் மறையும் அவ்வாறு, பலோத்ரா வரை நன்னீராகவும் அதன்கீழ் உவர்நீராகவும் ஓடுவது. கடலை அடையாத அவ்வாறும் 1979ஆம் ஆண்டிலே பெருகிப் பெருஞ் சேதம் விளைத்தது. ஆயினும் அதனினும் நெஞ்சில் நிற்பது 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நிகழ்ந்தது.

அம்மாதத்திலே, ஓராண்டுச் சராசரியை விஞ்சிய மழை பார்மேர் மாவட்டத்திற் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்த்தது. பார்மேர் நகருக்கு அண்மையிலுள்ள கவாஸ் என்னும் ஊரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் நீரினுள் மூழ்கின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கால்நடைகள் எண்ணிறந்தன இறந்தன. பாலைவனத்தின் நடுவிலே படையினர் படகுகளிற் சென்று மக்களை மீட்க நேர்ந்தது. மழை ஓய்ந்த பின்னரும் அந்நீர் வடியவில்லை. மாதக்கணக்காகத் தேங்கி நின்றது. ஏனெனில், மணலுக்கடியிற் கிடந்த ஜிப்சப் படை அதனை உள்ளே விடாது தாங்கி நின்றது. குயின் கிணற்றிற்கு நன்னீரைக் காத்துக் கொடுக்கும் அதே படைதான் அவ்வூரை ஏரியாக்கிற்று என்பது ஈண்டு நினைவு கொள்ளத்தக்கது. வறண்டு தூர்ந்துபோன பழைய ஆற்றின் வழியிலேயே வீடுகளும் தெருக்களும் எழுந்திருந்தன. பல்லாண்டு நீர் வாராமையால் அது ஆறென்பதனையே மக்கள் மறந்திருந்தனர். ஆறு மறந்திலது.

ஜெய்சல்மேர்க் கோட்டையும் இதே பாடத்தை வேறோர் வகையாற் கற்பிக்கின்றது. 1156ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அக்கோட்டைக்கு உள்ளே இன்றும் மக்கள் வாழ்கின்றனர். முற்காலத்தில் அவர்களுக்கு நீர் தந்தது கோட்டைக்கு வெளியே 14ஆம் நூற்றாண்டில் அமைந்த கடீசர் ஏரி. குடத்தில் முகந்து தலையிற் சுமந்த நீரை அவர் ஒரு துளியும் வீணாக்கிலர். பிற்காலத்திலே குழாய்நீர் வந்தது; தாராளமாகப் புழங்கி விட்ட கழிவுநீர் தக்க வடிகாலின்மையால் அடிநிலத்திற் கசிந்தது. களிமண் கலந்த மென்பாறை மேல் நின்ற மதிலின் அடித்தளம் இளகிற்று. கடந்த நூற்றாண்டின் இறுதியிலே கொத்தளங்கள் சில இடிந்து விழுந்தன. எட்டு நூற்றாண்டு வெயிலையும் படையெடுப்புகளையும் தாங்கிய மதில், நீரைத் தாங்கவில்லை.

இனி வருங் கார்காலங்கள்

1958ஆம் ஆண்டிலே தொடங்கிப் பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர்பெற்ற பெருங்கால்வாய், இமயத்து ஆறுகளின் நீரைப் பாலையினுள்ளே ஜெய்சல்மேர் வரை கொணர்ந்துள்ளது. அதனாற் பல்லாயிரவர் வாழ்வு பெற்றனர். நீர் தேங்கி நிலம் உவர்த்துப் போன இடங்களும் உண்டு. கால்வாய்நீர் வந்த ஊர்களிற் குளத்தைத் துப்புரவு செய்வாரும் அணையைச் செப்பனிடுவாரும் குறைந்தனர்.

இதற்கிடையே வானமும் மாறுகின்றது. அண்மைப் பத்தாண்டுகளிலே வடமேற்கு இந்தியாவின் கார்கால மழை கூடிவருவதாக வானிலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, பருவக்காற்று வருமுன்னரே, 'பிபர்ஜோய்' என்னும் புயலால் பார்மேர், ஜாலோர் முதலிய மாவட்டங்களில் வெள்ளம் பெருகிற்று. பாலையில் மழை கூடுதல் நற்செய்தி எனவே எவருஞ் சொல்வர். ஆயினும் நாம் மேலே கண்டவாறு, கூடிய மழை கடீனை நிரப்புமோ கவாஸை மூழ்கடிக்குமோ என்பது மழையின் அளவால் மட்டும் முடிவாவதன்று. அணை நிற்கின்றதா, குளத்தின் வரவுவாய்க்கால் திறந்துள்ளதா, பழைய ஆற்றுவழியில் வீடு எழுந்துள்ளதா என்னும் வினாக்களே அதனை முடிவு செய்வன.

இச்செய்தி தொலைநாட்டுச் செய்தியாக நமக்குத் தோன்றலாம். யாழ்ப்பாணக் குடாநாடு பாலையன்று. ஆயினும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத நாடு. நம் மழையும் ஆண்டின் இறுதி மாதங்களிலேயே பெரிதும் பெய்கின்றது. நம் கிணற்று நன்னீரும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'நிஷா' புயலோடு பெய்த மழையிலே, நீர் தன் பழைய வழிகளைத் தேடிச் சென்றதை நம்மவர் பலர் கண்டனர். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவதாயினும், அதன் வழி எது, நம் ஊர்க்குளம் எந்த வெளியிலிருந்து நீர் பெறுகின்றது, அந்நீர் நிரம்பி வழிந்தால் எத்திசையிற் செல்லும் என்பனவற்றை அறிந்த முதியோர் ஊர்தோறும் உளர். அவர்களிடம் இவற்றைக் கேட்டு வரைபடத்திற் குறித்து வைத்தல், நம் கல்லூரியின் புவியியல் மாணவர் ஒரு மாரிக்குள் செய்து முடிக்கத்தக்க பணியாகும். மழை நிற்கும் ஒன்பது மாதங்களில் அன்று, மழை பெய்யும் மூன்று மாதங்களிலேயே அதனைச் செய்தல் வேண்டும். நீர் எவ்வழி ஓடும் என்பதனை நீரே காட்டித் தரும் காலம் அதுவேயாதலின் என்க.